நாதஸ்வர ஆலாபனையைப் படமாக்குகிறேன், எந்த ராகம் போட்டாலும் ஒரே படம்தான் வருகிறது

வைகைமணல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அவனியாபுரத்தில் இருந்து எழுதுகிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். எங்கள் மாமா, அம்மாவுடைய அண்ணன், நாதஸ்வரம் வாசிப்பவர், முகூர்த்தத்துக்கும் அவர்தான் வாசிக்கப் போகிறார். அவர் வாசித்த ஒரு மோகன ஆலாபனையை எடுத்து, கணினி அதைக் கேட்டு வரைந்தது போல ஒரு படம் செய்து, மண்டப வாசலில் மாப்பிள்ளை பெண் படம் போட்ட ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஆசை. எனக்கு வரையத் தெரியாது, அதனால்தான் இந்த வழி. ஆபீஸில் டெஸ்டிங் வேலை என்பதால் ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு வரும்.

பி5 ஜேஎஸ் எடுத்தேன், ஜாவாஸ்கிரிப்டில் படம் வரைய உதவுகிற நிரல் தொகுப்பு. முதல் இரண்டு நாள் சத்தமே வரவில்லை. ஒரு தடவை பக்கத்தைத் தொட்டால்தான் பிரவுசர் ஒலியை விடும் என்பதும், ஆடியோ ஃபைலை நேராகத் திறக்காமல் லோக்கல் சர்வர் வழியாகத்தான் திறக்க வேண்டும் என்பதும் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. அது போகட்டும். இப்போது எஃப்எஃப்டி (ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கிற கணக்கு) போட்டு, ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு கோடு என்று வட்டமாக அடுக்கி, சத்தத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். ஓடும்போது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோகனம் போட்டாலும், தோடி போட்டாலும், சோதனைக்காக எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் எடுத்த நையாண்டி மேளத்தைப் போட்டாலும் அதே முள்ளம்பன்றிதான் குதிக்கிறது. பாட்டு முடிந்ததும் திரையில் ஒன்றும் மிச்சம் இல்லை, கடைசி விநாடியின் படம் மட்டும் நிற்கிறது. அதை எப்படி பிரிண்ட் போடுவது?

ராகத்துக்கு ராகம் வேறாகத் தெரிகிற படம் வேண்டும். சாத்தியமா, இல்லை நான் ஆசைப்படுவது அதிகமா?


பைத்தான்பட்டி எழுதியது:

சாத்தியம்தான். இரண்டு இடத்தில் சிக்கியிருக்கிறீர்கள், இரண்டும் எல்லோரும் சிக்குகிற இடம், நானும் இரண்டு வருடம் அங்கேதான் கிடந்தேன்.

முதலாவது, பி5-ல் எஃப்எஃப்டி போட்டால் வழக்கமாக 1024 பெட்டி, அதாவது அலைவரிசைத் துண்டு, கிடைக்கும். ஒலி விநாடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்) என்றால் அதில் பாதி 22,050 ஹெர்ட்ஸ் வரைதான் பார்க்க முடியும், அதை 1024-ஆல் வகுத்தால் பெட்டிக்கு சுமார் 21.5 ஹெர்ட்ஸ். இப்போது உங்கள் மாமா இரண்டரைக் கட்டைச் சுருதியில் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஷட்ஜம், அதாவது ச, ஏறத்தாழ 311 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த சுத்த ரிஷபம் 332 பக்கம். இடைவெளி ஒரு பெட்டிகூடத் தேறவில்லை. அதாவது ச-வும் ரி-யும் உங்கள் படத்தில் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழுகின்றன, அந்த லட்சணத்தில் ராகம் எப்படித் தெரியும்? மேலே போகப் போக நிலைமை தலைகீழ், 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிற சீறல் சத்தத்துக்கு ஐந்நூறு பெட்டிக்கு மேல் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் முள்ளம்பன்றியின் பாதி உடம்பு வெறும் காற்று.

எஃப்எஃப்டி ஒரு நேரத்தில் என்னென்ன அலைகள் கலந்திருக்கின்றன என்று சொல்லும். உங்களுக்கு வேண்டியது அது இல்லை, மாமா இப்போது எந்தச் சுருதியில் நிற்கிறார் என்கிற ஒரே ஓர் எண். அதற்கு வேறு முறை இருக்கிறது. அலையை அதன்மேலேயே கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்து, எவ்வளவு தள்ளினால் மறுபடி பொருந்துகிறது என்று தேடுவது. 2002-ல் வந்த யின் என்கிற முறை இதைத்தான் செய்கிறது, அதைக் கொஞ்சம் திருத்தி 2014-ல் பியின் வந்தது. பைத்தானில் லிப்ரோசா என்கிற ஒலி ஆய்வுத் தொகுப்பைப் போட்டால் பியின் அதிலேயே இருக்கிறது. பிரவுசரில் நேரலையாகச் செய்ய முயல வேண்டாம், உங்களுக்கு வேண்டியது அச்சுப்படம். பைத்தானில் சுருதியைக் கணக்கிட்டு ஒரு சிஎஸ்வி ஃபைலாக எழுதுங்கள், அதைப் பி5-ல் படித்து வரையுங்கள். லிப்ரோசா தானாக 22,050-க்கு இறக்கிக்கொண்டு 512 மாதிரிக்கு ஒரு தடவை சுருதி சொல்லும், அதாவது 23 மில்லிவிநாடிக்கு ஓர் எண். ஆறு நிமிட ஆலாபனைக்குச் சுமார் 15,500 எண்கள். ஓடவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவு.

இரண்டாவது, நேரம். உங்கள் படம் ஒவ்வொரு விநாடியும் முந்தின விநாடியை அழித்துவிட்டு வரைகிறது. டிரா ஃபங்ஷனுக்குள் முதல் வரியாக பேக்கிரவுண்ட் போட்டிருப்பீர்கள், அதைத் தூக்குங்கள். நேரத்துக்குத் தாளில் ஓர் இடம் கொடுங்கள், இடது வலதாகவோ உள்ளிருந்து வெளியாகவோ. நான் செய்வது இதுதான்: ஒரு ஸ்தாயியை, அதாவது ச-வில் இருந்து மேல் ச வரை, முழு வட்டமாக வைத்துக்கொள்கிறேன். கிடைத்த அலைவெண்ணை ச-வின் அலைவெண்ணால் வகுத்து, இரண்டின் அடியில் லாக் எடுத்து, 1200-ஆல் பெருக்கினால் சென்ட் கணக்கு வரும். 1200 சென்ட் என்பது 360 டிகிரி, எனவே ஒரு சென்ட்டுக்கு 0.3 டிகிரி. ச உச்சியில் பன்னிரண்டு மணி இடத்தில் இருக்கட்டும். நேரம் மையத்தில் இருந்து வெளியே போகட்டும். மேல் ச, கீழ் ச எல்லாம் ஒரே திசையில் விழும், ஸ்வரத்துக்கு ஒரு திசை என்று ஆகிவிடும்.

மோகனத்துக்கு ரி 60 டிகிரி பக்கம், க 116-இல் இருந்து 120, ப 210, த 270 பக்கம். க-வுக்கும் ப-வுக்கும் நடுவில் 90 டிகிரிக்கு வெற்றிடம், த-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவில் இன்னொரு 90. ஒரு பக்கம் சாய்ந்த ஐந்து இதழ்ப் பூ மாதிரி வர வேண்டும். வராவிட்டால் இங்கே வந்து சொல்லுங்கள்.


மைக்செட்_பாண்டி எழுதியது:

ரெண்டு பேரும் கணக்குப் போடுறது இருக்கட்டும், முதல்ல அந்த ஆடியோவை எதுல எடுத்தீங்க? போன்ல எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்பி அதை டவுன்லோட் பண்ணியிருந்தா அப்பவே பாதி போச்சு. போன்ல இருக்கிற ரெக்கார்டர் சத்தம் கூடினா தானே குறைக்கும், குறைஞ்சா தானே ஏத்தும். மாமா மெதுவா வாசிச்சதும் ஊதித் தள்ளினதும் ஒரே மட்டத்துக்கு வந்துரும். சத்தத்தை வச்சு நிறம் மாத்துறேன்னு சொன்னீங்களே, அது மாமா சத்தம் இல்ல, போன் சத்தம்.

இருபது வருசமா கோயில் விழாவுக்கு மைக் செட் போடுறேன். நாதஸ்வரத்துக்கு அணசுக்கு, அதான் அந்த விரிஞ்ச அடி வாய்க்கு, நேரா மைக் வச்சா கிழியும். நாலஞ்சு அடி தள்ளி, கொஞ்சம் ஓரமா. ஓட்டை வழியாவும் சத்தம் வருது, அதையும் பிடிக்கணும். தவில் வேண்டாம், சுருதிப் பெட்டியும் வேண்டாம், மாமா காதுல ஒரு இயர்போன்ல சுருதியைப் போட்டு விடுங்க. விடியக்காலைல எடுங்க, ஃபேனை நிறுத்துங்க, ஜன்னலைச் சாத்துங்க. வேவ் ஃபைல்.


தவில்வாசி எழுதியது:

பாண்டி அண்ணன் சொல்வது சரி, சுருதிப் பெட்டி கூட ஒலித்தால் அந்த நிரல் மாமா மூச்சு வாங்குகிற இடத்தில் எல்லாம் பெட்டியின் ச-வையும் ப-வையும் எடுத்து எழுதி வைத்துவிடும். அந்தக் காலத்தில் சுருதிக்கென்றே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்து ஊதுவார், இப்போது அந்த இடத்தைப் பெட்டி பிடித்துக்கொண்டது.

நான் தவில் படிக்கிறவன், நிரல் எழுதத் தெரியாது, நண்பன் ஒருவன் எழுதுவான், நான் குறை சொல்வேன். அப்படிச் சேர்ந்து இரண்டு படம் செய்திருக்கிறோம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஆலாபனையில் தாளம் கிடையாது, அதனால் பைத்தான்பட்டி சொன்ன வட்டம் பொருந்தும். ஆனால் கீர்த்தனையோ மல்லாரியோ எடுத்தால் வட்டத்தைத் தாளத்துக்குக் கொடுங்கள். ஆதி தாளம் என்றால் எட்டு அட்சரம், வட்டத்தில் எட்டு திசை, ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒரு சுற்று. அப்போது தவிலின் ஒவ்வொரு அடியும் தனக்குரிய திசையில் விழும், கோர்வை வரும் இடத்தில் கோலம் தானாக மாறும். வலது கை விரல் கூட்டின் அடி பளிச்சென்று கூர்மையாக இருக்கும், இடது கைக் கம்பின் அடி கனமாகத் தாழ இருக்கும், ஒலியை மேல் பாதி கீழ் பாதி என்று பிரித்தாலே இரண்டு நிறம் கிடைத்துவிடும். சமம், அதாவது ஆவர்த்தனம் தொடங்குகிற இடம், எங்கே என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொல்லாதீர்கள், நாங்கள் போகப் போகக் காலம் கூட்டுவோம், அது திணறும். பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு சமத்துக்கும் ஸ்பேஸ் பாரைத் தட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். என் குருநாதரைத் தட்டச் சொன்னேன். அவர் தட்டிய தட்டில் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் எழும்பியே நிற்கிறது இப்போது.


கதிர்_2020 எழுதியது:

இதுக்கு ஏன் இவ்வளவு சுற்று? ஏஐ-கிட்ட "மோகன ராகம், நாதஸ்வரம், கல்யாணம்"னு எழுதினா பத்து விநாடியில சூப்பரா படம் கொடுக்கும்.


பைத்தான்பட்டி எழுதியது:

கொடுக்கும் தம்பி. ஆனால் அது மாமா வாசித்ததைக் கேட்டிருக்காது. பக்கத்து மண்டபத்துக் கல்யாணத்துக்கும் அதே படம் பொருந்தும்.


வைகைமணல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாண்டி அண்ணன் சொன்னபடி மறுபடி பதிவு செய்தேன், காலை ஐந்து மணிக்கு, மாமா வீட்டில், திருப்பரங்குன்றம் சாலையை ஒட்டிய மாடியில். ஃபேன் நிறுத்தியாயிற்று. ஜன்னலைச் சாத்த மாமா ஒத்துக்கொள்ளவில்லை, புழுக்கத்தில் சீவாளி, வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டு, சொன்ன பேச்சு கேட்காதாம்.

படம் வந்துவிட்டது! ஆனால் மூன்று சிக்கல்.

ஒன்று, கோடு வளைவாக இல்லை, படிக்கட்டு படிக்கட்டாக இருக்கிறது. இரண்டு, ஆங்காங்கே திடீரென்று படத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் விழுகிறது, அந்த இடத்தில் மாமா அப்படி எதுவும் வாசிக்கவில்லை. மூன்று, இதழ் ஐந்து இருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்ன இடத்தில் இல்லை. முதல் இதழ் உச்சியில், அடுத்தது 60-ல், அப்புறம் பெரிய வெற்றிடம், 150-ல் ஒன்று, 210-ல் ஒன்று, 270-ல் ஒன்று. 120 டிகிரியில் ஒன்றுமே இல்லை. ச எதுவென்று எனக்குத் தெரியாததால், எந்தச் சுருதியில் அதிக நேரம் நின்றார் என்று எண்ணிப் பார்த்து, அதிகம் வந்ததை ச என்று வைத்துக்கொண்டேன். 466 ஹெர்ட்ஸ் வந்தது.


தவில்வாசி எழுதியது:

மூன்றாவதைப் படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமா பஞ்சமத்தில் நின்று நிதானமாக வாசித்திருக்கிறார், நீங்கள் அந்தப் பஞ்சமத்தைத் தூக்கி ஷட்ஜத்தின் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டீர்கள். ச, ரி இருக்கிறது, க இல்லை, பிறகு ம, ப, த. இது சுத்த சாவேரி. மோகனத்தின் பஞ்சமத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டால் சுத்த சாவேரிதான் கிடைக்கும், ரிஷபத்தை வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம். கிரக பேதம் என்று, அதாவது ஆதார ஸ்வரத்தை மாற்றி வேறு ராகத்தைக் காட்டுவதாக, மேடையில் வித்வான்கள் வேர்த்து விறுவிறுத்துச் செய்வதை நீங்கள் ஒரே ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டுச் செய்திருக்கிறீர்கள். 466-ஐ ஒன்றரையால் வகுத்தால் 311, அதுதான் ச. இரண்டரைக் கட்டை. பைத்தான்பட்டி குத்துமதிப்பாகச் சொன்னது அப்படியே பலித்திருக்கிறது.

அடுத்த தடவை மாமாவையே ஆரம்பத்தில் ச மட்டும் ஐந்து விநாடி ஊதச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கையை வைத்து ச-வைத் தேடாதீர்கள், ஆலாபனையில் ஒரு வித்வான் எந்த ஸ்வரத்தில் அதிகம் நிற்பார் என்பது அன்றைக்கு அவருடைய மனசைப் பொறுத்தது.


பைத்தான்பட்டி எழுதியது:

படிக்கட்டு: பியின் தன் போக்கில் விட்டால் அரை ஸ்வரத்தைப் பத்தாகத்தான் பிரிக்கும், அதாவது 10 சென்ட். உங்கள் வட்டத்தில் 10 சென்ட் என்றால் 3 டிகிரி, கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ரெசல்யூஷன் என்று ஒன்று இருக்கும், அதை 0.1-ல் இருந்து 0.02 ஆக்குங்கள். மெமரி நிறைய தின்னும், உங்கள் லேப்டாப் திணறினால் ஆலாபனையை ஒரு நிமிடத் துண்டுகளாக நறுக்கி ஓட்டுங்கள்.

முழு வட்டம்: நாதஸ்வரத்தில் மேல் சுரங்கள், அதாவது அடிப்படை அலையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எல்லாம் பலமாக இருக்கும். சில இடத்தில் நிரல் ஏமாந்து ஒரு ஸ்தாயி தள்ளி எழுதிவிடுகிறது. திசை ஒன்றுதான், ஆனால் நீங்கள் புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதால் 360 டிகிரி சுற்றிக்கொண்டு வந்து சேருகிறது. கோட்டை விட்டுவிட்டு வெறும் புள்ளியாக வையுங்கள். புள்ளிக்கு ஸ்தாயிப் பிழை ஒட்டாது, அடுத்த ஸ்தாயியின் த-வும் அதே இடத்தில்தான் விழும். தப்பே தெரியாது. ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறது, ஆனால் நீங்கள் காட்ட நினைப்பது ஸ்தாயியை அல்ல, ஸ்வரத்தைத்தானே.

இன்னொன்று. மையத்தில் எல்லாம் நெருக்கிக்கொண்டு கறுப்பாக இருக்குமே? மாமா மெதுவாக ராகத்தைத் திறக்கிற அழகான இடம் அதுதான், அது ஐந்து பைசா அளவு வட்டத்துக்குள் நசுங்குகிறது. ஆரத்தை நேரத்தோடு நேராக வளர்க்காமல் நேரத்தின் வர்க்கமூலத்தோடு வளருங்கள். அப்போது ஒவ்வொரு விநாடிக்கும் தாளில் சமமான பரப்பு கிடைக்கும், முதல் கால் பங்கு நேரமே பாதி ஆரத்தைப் பிடித்துக்கொள்ளும்.


முடிச்சு_அக்கா எழுதியது:

புள்ளி என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். நிரல் எல்லாம் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறோம், என் மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான், அவன்தான் இந்த இழையைக் காட்டினான். நீங்கள் செய்துகொண்டிருப்பது சுங்குடி. துணியைக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு பிரித்தால் கட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வந்தது, ஆனால் இப்போது கடையில் சுங்குடி என்று தொங்குவதில் பாதிக்கு மேல் அச்சடித்த புள்ளி. கையால் கட்டியது எது, அச்சடித்தது எது என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். அச்சுப் புள்ளி காசு மாதிரி உருண்டையாக இருக்கும். கட்டிய புள்ளி உருண்டையாக இருக்காது, ஓரம் நெளிந்திருக்கும், நடுவில் சாயம் கசிந்து ஒரு சின்னப் பொட்டு நிற்கும், எவ்வளவு துணியைக் கிள்ளினோமோ அவ்வளவு பெரிசு.

அந்தப் பிள்ளை தன் படத்தைச் சுங்குடிச் சிவப்பில் வெள்ளைப் புள்ளியாகப் போட்டுப் பார்க்கட்டும். பதினைந்தாயிரம் புள்ளி வேண்டாம் தாயி, புள்ளிக்குப் புள்ளி இடம் விட்டால்தான் புள்ளி. மாமா நின்ற இடத்தில் மட்டும் ஒரு முடிச்சு. ரொம்ப நேரம் நின்றால் பெரிய முடிச்சு.


தவில்வாசி எழுதியது:

அக்கா, படம் அழகாக இருக்கும், ஆனால் ராகம் போய்விடும். நின்ற இடம் மட்டும் வேண்டும் என்றால் ஆர்மோனியம் போதுமே, நாதஸ்வரம் எதற்கு? ஒரு ஸ்வரத்தில் இருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போனார், எங்கே அசைத்தார் என்பதில்தான் ராகம் இருக்கிறது. மோகனத்துக்காவது பரவாயில்லை, தோடியில் காந்தாரம் நிற்கவே நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். உங்கள் கணக்கில் தோடிக்கு முடிச்சே விழாது.


முடிச்சு_அக்கா எழுதியது:

அப்படியென்றால் போகிற வழியில் கடுகளவு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாங்களும் பெரிய புள்ளியைச் சுற்றிச் சின்னப் புள்ளி வைப்பது உண்டு.


பைத்தான்பட்டி எழுதியது:

இது நல்ல தீர்வு. ஐந்து எண் தொடர்ச்சியாக, அதாவது சுமார் 120 மில்லிவிநாடி, 25 சென்ட்டுக்குள் நின்றால் பெரிய முடிச்சு, நின்ற நேரத்துக்கு ஏற்ற அளவு. மற்றதெல்லாம் கடுகு, அதையும் மூன்றில் ஒன்று மட்டும். பியின் ஸ்வரமே இல்லை என்று சொல்கிற இடத்தில் ஒன்றும் வேண்டாம், காலியாக விடுங்கள்.

ஓரத்தை நெளிக்க ரேண்டம் போடாதீர்கள், கடித்து வைத்த மாதிரி ஆகிவிடும். நாய்ஸ் என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, கென் பெர்லின் என்பவர் உருவாக்கியது, அடுத்தடுத்த எண்கள் ஒன்றை ஒன்று ஒட்டியே மாறும். அதை வைத்து ஓரத்தை வளையுங்கள். அதற்குக் கொடுக்கிற விதை எண்ணை (அது கணக்கைத் தொடங்குகிற எண்) நீங்களாக யோசிக்காமல் அந்த இடத்தின் சென்ட் மதிப்பையே கொடுத்துவிடுங்கள், அப்போது எத்தனை தடவை ஓட்டினாலும் அதே ஆலாபனைக்கு அதே புள்ளிதான் வரும். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம். இசையில் இருந்து வரைகிறேன் என்று சொல்லிவிட்டு முக்கால்வாசியை ரேண்டமுக்கு விட்டு, கடைசியில் நூறில் அழகான ஒன்றைப் பொறுக்குகிறவர்கள்தான் அதிகம். 1965-ல் ஜெர்மனியில் கேயார்க் நேஸ் கணினி வரைந்த படங்களை முதன்முதலில் காட்சிக்கு வைத்தபோது அதில் தற்செயல் எண்கள்தான் முக்கியமான சரக்கு, அது அவருக்குச் சரி, அவரிடம் மாமா இல்லை.

அக்காவுக்கு ஒரு செய்தி, உங்கள் பக்கத்துக் கலைக்கும் கணக்குக்கும் பழைய உறவு இருக்கிறது. 1974-லேயே கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் மூன்று பேரும் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி ஆய்வுக்கட்டுரை போட்டிருக்கிறார்கள். வாசலில் போடுகிற கோலத்தை விதிகளாகப் பிரித்து, அந்த விதிகளை ஓட்டினால் கோலம் வரும் என்று. சுங்குடிக்கு இன்னும் யாராவது எழுத வேண்டியதுதான்.

அச்சுக்கு: ஏ3 தாளுக்கு 300 டிபிஐ என்றால் 3508-க்கு 4961 பிக்ஸல். திரையில் பார்ப்பதை அப்படியே சேமிக்காதீர்கள், ஃபிளெக்ஸ்காரர் இழுத்துப் பெரிதாக்கினால் முடிச்செல்லாம் கூழாகிவிடும். பிக்ஸலாக இல்லாமல் வடிவங்களாகச் சேமிக்கிற எஸ்விஜி-யாக எழுதினால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கவலை இல்லை.


வைகைமணல் எழுதியது:

ஒரு வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும், பத்திரிகை கொடுக்கிற அலைச்சல்.

வந்துவிட்டது. ச-வை 311 ஆக்கியதும் பூ அப்படியே திரும்பிச் சரியான இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. 15,500 எண்ணில் இருந்து பெரிய முடிச்சு எழுநூற்றுச் சொச்சம்தான். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ப இதழ்தான் தடிமன், ரி இதழ் மெலிசு. க-வில் இருந்து ரி-க்கு இறங்குகிற இடத்தில் கடுகுகள் வரிசையாக வளைந்து போகின்றன, அதை முதலில் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது. தோடியையும் போட்டுப் பார்த்தேன், தவில்வாசி சொன்னது நிஜம், காந்தாரம் வருகிற பக்கம் பெரிய முடிச்சே இல்லை, முழுக்கக் கடுகு, ஈரத் துணியால் இழுத்துத் துடைத்த மாதிரி இருக்கிறது. எனக்கு அதுதான் இன்னும் பிடித்திருக்கிறது, ஆனால் கல்யாணத்துக்கு மோகனம்தான்.

நேற்று சாயங்காலம் ஏ3-யில் ஒரு பிரிண்ட் எடுத்து மாமாவிடம் காட்டினேன். விளக்கமெல்லாம் தயாராக வைத்திருந்தேன், அவர் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மையத்தில் விரலை வைத்து மெதுவாக வெளியே நகர்த்திக்கொண்டே போனார், வாய்க்குள் முனகிக்கொண்டு. வட்டமாக மெல்லிய வெள்ளை இல்லாத பட்டைகள் சில இருக்கின்றன, அது ஏன் என்று எனக்கே புரியாமல் இருந்தது. "இங்க மூச்சு எடுத்தேன்"னு ஒன்றைத் தொட்டார். அப்புறம் இன்னொன்று. வரிசையாக எல்லாவற்றையும்.

பிறகு ஓர் இடத்தில் விரல் நின்றுவிட்டது. க-வுக்கும் ப-வுக்கும் நடுவில் காலியாக இருக்க வேண்டிய இடத்தில், 150 டிகிரி பக்கம், நடுத்தர அளவில் மூன்று முடிச்சு. நானும் கவனித்திருந்தேன், சாலையில் போன பஸ் ஹாரன் என்று நினைத்து விட்டுவிட்டேன், சொன்னேன். மாமா படத்தில் இருந்து கண்ணை எடுக்காமல், "ஹாரன் இல்ல தாயி, ப-வுல இருந்து எறங்குறப்ப விரல் சரியா மூடல, மத்யமத்துல தங்கிருச்சு, அன்னைக்கே எனக்கு உறுத்துச்சு" என்றார்.

மூன்று புள்ளிதானே மாமா, அழித்துவிடுகிறேன் என்றேன். சிஎஸ்வி-யில் சில வரிதான், யாருக்கும் தெரியப் போவதில்லை. கூடாது என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை வா, முதலில் இருந்து வாசிக்கிறேன், இதே மாதிரி இன்னொன்று எடு என்கிறார். ஃபிளெக்ஸ்காரரிடம் சனிக்கிழமை கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன், இப்போது அவரிடம் போய் நிற்க வேண்டும்.


முடிச்சு_அக்கா எழுதியது:

திங்கட்கிழமை கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பார் தாயி, பொய்யாகத்தான் அவசரப்படுத்துவார்கள். படம் இறுதியானதும் எனக்கும் ஒன்று அனுப்பு. எழுநூறு முடிச்சு பெரிய காரியம் இல்லை, ஒரு துண்டுத் துணியில் கட்டிப் பார்க்கிறேன்.


மைக்செட்_பாண்டி எழுதியது:

ஞாயித்துக்கிழமையாவது ஜன்னலைச் சாத்துங்க.